வடிகட்டியில் தங்காத மருமகள்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். ஒரே வீட்டில் சுகமாக இருப்பது வருகிற ஞாயிறு வரைதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"அவன் அங்க என்னதாம்மா வேலை பார்க்கிறான்? கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முடியலை" என்று போன தடவை கேட்டீர்கள். அது தெரிந்தால்தான் நான் கிளம்புகிற காரணமும் புரியும். பூமிக்கடியில் ஒரு குழாய்க்குள், அணுவின் உள்ளே இருக்கும் துகள்களை எதிரெதிராக ஓடவிட்டு முட்ட வைக்கிறார்கள். முட்டுகிற இடத்தைச் சுற்றி மாடிக் கட்டிடம் அளவுக்கு ஒரு கருவி, வெங்காயம் போல அடுக்கடுக்காக. உள்ளடுக்கு, சிதறியவை எப்படி வளைந்து போயின என்று பார்க்கும். அடுத்தது அவற்றைத் தடுத்து எவ்வளவு சக்தியோடு வந்தன என்று அளக்கும். அதற்கும் நிற்காதவற்றை வெளியடுக்கு குறித்துக்கொள்ளும். அவர்கள் தேடுகிற துகள் பிறந்த கணமே மடிந்துவிடும். விட்டுப்போன தடத்தை வைத்துத்தான் இன்னது வந்து போயிற்று என்று கண்டுபிடிக்கிறார்கள். நொடிக்குக் கோடிக்கணக்கில் முட்டுவதால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை. ஏற்கெனவே தெரிந்ததை அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டு, அபூர்வமானதை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு வடிகட்டி இருக்கிறது. அதை அமைப்பதுதான் உங்கள் மகனுடைய உத்தியோகம்.

அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழாய் ஒழுகுகிறது என்றால் "ம்". கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் "ம்". எல்லாம் தெரிந்த விஷயம், குப்பைக்குப் போகும். போன வாரம் எனக்கு வெளியூரில் தலைமையாசிரியை வேலை கிடைத்தது. சாப்பிடும்போது ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லி, "ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்" என்றேன். தட்டிலிருந்து நிமிராமல் "ம்" என்றார். மனசு விட்டுப்போயிற்று, அத்தை. தனியாகவே போகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்கால் மருந்தை விடாமல் சாப்பிடுங்கள். என்மேல் கோபம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். தபால்தலை எடுக்க உள்ளே போனேன். உங்கள் மகன் தம் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மெஷினைப் பழுதுபார்க்க ஒரு வருஷம் நிறுத்துகிறார்களாம். லீவு எழுதிக் கொடுத்தாயிற்றாம். "அப்போ நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றேன். "எப்பவும் போறேன் போறேன்னு கத்துவே, அதெல்லாம் வடிகட்டியில போயிடும். அன்னைக்கு மெதுவா சொன்னே. நீ மெதுவா சொல்லி நான் கேட்டதே இல்லை. அதான் எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு, "ஆமா, நாம எந்த ஊருக்குப் போறோம்?" என்றார்.