பீரோவைத் தள்ளிய பிரஷர் சார்

பாடம் நடத்திப் பிள்ளைகளைக் குழப்புகிற வாத்தியார்கள் எந்த ஊரிலும் உண்டு. பாடம் நடத்தி, தானும் குழம்பி, கீழே பை தைத்துக்கொண்டிருந்தவர்களையும் விடாமல் குழப்பிய ஒரே மனிதர் எங்கள் பிரஷர் சார்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தாராவியில் அதை யாரும் விசாரித்ததில்லை.

வீடு மாட்டுங்காவில். ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சந்தில் ஒரு பை தைக்கிற பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற அறையை வாடகைக்குப் பிடித்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். அறை எவ்வளவு பெரிது என்றால், நான் நோட்டைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவள் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் கால்வாசியை அறைக்காரரின் பழைய இரும்பு பீரோ அடைத்துக்கொண்டிருந்தது.

வாயுக்கள் பாடம் வந்தால் சாருக்குக் குஷி. அழுத்தத்துக்கு அவர் கைவசம் ஒரு உதாரணம் உண்டு, லோக்கல் டிரெயின் பெட்டி.

"ஒரு டப்பா. சயான்ல நாலு பேர் ஏறறா. மாட்டுங்கால பத்து பேர். தாதர்ல ஊரே ஏறறது. நசுங்கறோமா இல்லியா? அதாண்டா பிரஷர்! எடம் குறைஞ்சா அழுத்தம் கூடும். இவ்ளோதான் விஷயம்."

எல்லாரும் தலையாட்டினோம். இசக்கி மட்டும் ஆட்டவில்லை. அவன் மொத்தமாக ஒரு வருடத்தில் வாயைத் திறப்பதே நாலைந்து தடவைதான். அன்றைக்குப் பார்த்துத் திறந்தான்.

"சார், எடம் எங்க சார் கொறஞ்சுது? டப்பா அதே டப்பாதான? ஆளுல்லா கூடிருக்கு."

சார் சாக்பீஸைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "எத்தனை வருஷமா இதையே சொல்லிண்டிருக்கேன்!" என்றார். எங்களிடம் இல்லை, கரும்பலகையிடம். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

மறுநாள் கண் சிவந்து வந்தார். அணுசக்தி நகரில் பெரிய வேலையில் இருக்கும் மச்சினருக்கு போன் போட்டாராம். "சமன்பாடு சொன்னார். அது எனக்கே தெரியும், உதாரணம் சொல்லுங்கோன்னேன். போனை வெச்சுட்டார்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "ஆள் மாறப்படாது. எடம் மட்டும் குறையணும். பாம்பேல அப்படி எங்கடா இருக்கு?" என்று திரும்பியவர் கண்ணில் பீரோ பட்டது.

ஐயோ, அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல!

நாங்கள்தான் வாயு. நடந்துகொண்டே இருக்க வேண்டும். சுவரில் முட்டினால் திரும்பி நடக்க வேண்டும். "நிக்காதேங்கோ! வாயு எங்கயாவது நிக்குமோ?" சுவரில் எத்தனை முட்டு விழுகிறது என்று எண்ணுவது என் வேலை. அதுதான் அழுத்தமாம். ஒரு சுற்று நடந்தோம். பிறகு பையன்கள் பீரோவை அறை நடுவுக்குத் தள்ளினார்கள். இடம் பாதியானது. மறுபடி நடந்தோம். முட்டு மடமடவென்று கூடியது. சார் குழந்தை மாதிரி கைதட்டினார்.

கைதட்டி முடிப்பதற்குள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பீரோ ஜன்னலை மறைத்ததில் உள்ளே ஒரே புழுக்கம். வியர்வையும் எரிச்சலுமாக எல்லாரும் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தோம். "டெம்பரேச்சர் ஏறிடுத்தே! ஏறப்படாதே!" என்று அலறினார். அந்த நேரம் பார்த்து என் தோழி செல்வி ஏணிப்பக்கம் ஓடினாள்.

"போகாதே! நீ போனா ஆள் குறையும்!"

"சார், பாத்ரூம் சார்!"

பீரோ நகர்ந்த சத்தத்தில் கீழ்ப் பட்டறைக்காரர் ஏறி வந்துவிட்டார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். "அரே சார், ஊப்பர் ஷாதி ஹே கியா?" என்று தலையை நீட்டினார். கல்யாணம் இல்லை, பாடம்தான் என்று சார் விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கியதைக் கேட்டு பாய் உள்ளேயே வந்து நின்றுவிட்டார். ஒருத்தி போனாள், ஒருத்தர் வந்தார், சூடும் ஏறியது. முட்டு கூடியது இடம் குறைந்ததாலா, புழுக்கத்தாலா, பாய் வந்ததாலா? எனக்கு எண்ணிக்கையே மறந்துபோனது.

"எல்லாம் ஒண்ணா மாறிடுத்து. எதனால எதுன்னு எப்படிச் சொல்றது?" என்று சார் பீரோவில் சாய்ந்துகொண்டார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கீழே மிஷினை நிறுத்திவிட்டு ரெண்டு தையல்காரர்கள் இதைப் பற்றி வெகுநேரம் சண்டை போட்டார்கள்.

இது தெளியாமல் அடுத்த பாடம் கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். ஆண்டுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் பீரோ தள்ளிக்கொண்டிருந்தோம். வீட்டில் சும்மா இருப்பார்களா?

"ஏட்டி, படிக்க அனுப்புனா பீரோ தள்ளிட்டு வாரியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்றார் அப்பா.

செம்பூரில் ஏசி போட்ட கோச்சிங் கிளாஸ் ஒன்று இருந்தது. ஒவ்வொருவராக அங்கே போனார்கள். செல்வி போனாள். குண்டு போட்ட இசக்கியும் போனான். நான் மட்டும் அப்பாவோடு சண்டை போட்டு நின்றுகொண்டேன். வேறு எங்கே போய்ப் புரியவில்லை என்று சொன்னாலும் முதலில் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். சார் ஒருத்தர்தான், "எந்த எடத்துல புரியலை?" என்று கேட்பார்.

அவருக்கு அந்த அறைதான் எல்லாம். "இது இல்லேன்னா நாள்பூரா ஆத்துல சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்கணும்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிப் போனபோது, கரும்பலகையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு பொண்ணை வெச்சுண்டு என்னம்மா டியூஷன்? நாளைக்கு சாவியைக் குடுத்துடப் போறேன். நீயும் அங்கயே சேர்ந்துடு. நன்னா சொல்லித்தராளாம்."

நான் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஏணியில் சத்தம் கேட்டது. இசக்கியின் தலை எட்டிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் செல்வி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

"எங்கடா வந்தேள்?" என்றார் சார்.

இசக்கி தலையைச் சொறிந்தான். "அங்க இருக்கும்போது எல்லாம் புரியுத மாதிரியே இருக்கு சார். வீட்டுக்கு வந்தா ஒண்ணுந் தெரியல."

"எந்த எடத்துல புரியலை?"

"எந்த எடத்துலன்னே புரியல சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு, "பேஷ்! அப்போ மொதல்லேர்ந்தே ஆரம்பிச்சுடலாம்" என்று எழுந்தார். பலகை மூட்டைக்குள் இருந்தது. அதை அவிழ்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. என் பேனாவை வாங்கி வெள்ளையடித்த சுவரிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். அறைக்காரர் வந்தால் கத்துவாரே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தேர்வில் வாயுக்களைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. நாங்கள் தட்டுத்தடுமாறித் தேறினோம். சார் சாவியைக் கொடுக்கவில்லை. எது குறைந்தால் எது கூடும் என்று இன்றைக்கும் நான் ஒரு நிமிடம் நின்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால், புரியவில்லை என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அந்த தைரியம் அவர் கொடுத்தது. அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.