அழுக்கு மாமாவும் நான் குளிப்பாட்டிய ராணியும்

மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஓட்டை மோட்டார், ஒரு ஆசிட் தொட்டி, என் ரெண்டு கை, இவ்வளவுதான் முதல். அதை வைத்துப் பாலிஷ் பட்டறை போட்டேன். மழைத் தண்ணி ரெண்டு தடவை கொண்டுபோனது; மூணாவது தடவையும் போட்டேன். அந்தக் காலத்தில் மாட்டுங்கா ஓட்டல் டபராவில் முகம் பார்த்துத் தலை சீவினார்கள் என்றால் அது என் கைவேலை. என் கை பட்டு மதிப்புக் குறைந்த பொருள் உலகத்திலேயே ஒன்றுதான். அது அழுக்கு மாமாவுடையது.

பம்பாயிலேயே அழுக்கைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே மனுஷர் அவர். ஃபோர்ட் பக்கம் ஏதோ ஆபீசில் கிளார்க். வேட்டி வெளுப்பு கண்ணைக் கூசும். ஆனால் சேர்த்து வைத்த பழைய நாணயங்களில் ஒரு துளி கறுப்பு உதிர்ந்தாலும் துக்கம் கொண்டாடுவார். எந்தக் காசையும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். மாமி பாத்திரம் துலக்கும்போது புளித்தண்ணி தெறிக்குமென்று ஆல்பத்தோடு கட்டில்மேல் ஏறிவிடுவார்.

மாட்டுங்காவில் வருஷாவருஷம் நாணயக் கண்காட்சி நடக்கும். மூணு வருஷமாக முதல் பரிசு வெள்ளிக் கோப்பையைக் கொண்டுபோனவர் செம்பூர்ப் பல் டாக்டர் ஒருவர். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மாமாவுக்கு ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று சிக்கியது. மேலே மயில் கழுத்து மாதிரி நீலமும் கறுப்புமாகப் படிந்திருந்தது. கோப்பை இந்தத் தடவை எனக்குத்தான் என்று மாமா தூக்கமில்லாமல் திரிந்தார்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை. பட்டறைக்கு வந்த மாமா, "என் ஆயுதம் இதுதாண்டா" என்று லென்சையும் ரூபாயையும் பூஜைப் பலகையில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனார். எங்கள் வழக்கப்படி அன்றைக்கு ஸ்பானர் முதல் கதவுக் கொண்டி வரை பளபளக்காத எதுவும் அம்மன் முன்னால் உட்காரக் கூடாது. பார்த்தேன், கறுப்பாக ஒன்று. எடுத்தேன், ஆசிட்டில் முக்கினேன், அலசினேன், துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

திரும்பி வந்த மாமா கையிலிருந்து பூப்பொட்டலம் விழுந்தது.

"டேய் பாலிஷ், என் ரூபாய் எங்கேடா?"

"இதான் மாமா. பாருங்க, ராணி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா."

அழவில்லை, திட்டவில்லை. கொடுத்த சுண்டலைத் தின்றார், உப்பில்லை என்றார், போய்விட்டார்.

மூணாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். லென்சில் காட்டினார். அச்சடிக்கும்போது வெள்ளிமேல் விழுந்த மயிரிழைக் கோடுகள் அந்தக் கறுப்புக்கடியில் பத்திரமாக இருந்தனவாம். ஆசிட் கறுப்போடு அதையும் தின்றுவிட்டதாம். நல்ல காசைத் திருப்பினால் வெளிச்சம் சக்கரமாகச் சுற்ற வேண்டும். இது செத்த மீன் மாதிரி முழித்தது. போன மாசம் முந்நூறு சொன்ன வியாபாரி, கழுவின காசுக்குத் தரமே போட மாட்டேன், வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன் என்றாராம்.

நான் விடுவேனா? முட்டையை அவித்து ரூபாயோடு டப்பாவில் மூடிவைத்தால் ரெண்டே நாளில் கறுத்துவிடும் என்று வழி சொன்னேன். அடுப்பங்கரையிலிருந்து மாமி பார்த்த பார்வையில் முட்டை இல்லாமலே கறுத்திருக்கும்.

மாமா சொன்னார்: "கழுவினது தெரியாம பண்ணின தப்பு. பொய் அழுக்கு பூசறது தெரிஞ்சே பண்ற மோசடி. கோப்பை போனா போகட்டும்டா."

கண்காட்சியில் அந்த ரூபாயையே தட்டு நடுவில் வைத்தார். பக்கத்தில் ஓர் அட்டை: 'ஆசிட்டில் கழுவியது. மதிப்பில்லை.' கூடவே கழுவாத சாதா ரூபாய் ஒன்று, ஒரு மேஜை விளக்கு. வந்தவர்களுக்கெல்லாம் ரெண்டையும் திருப்பிக் காட்டினார். கூட்டம் மொய்த்தது. நடுவராக வந்த பார்சிக் கிழவரும் திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு நேரே பல் டாக்டர் மேஜைக்கு நடந்தார். ஒரு காசிலும் சக்கரம் சுற்றவில்லை. கேட்டால் டாக்டர் பெருமையாகவே சொன்னார்: "பல்பொடி போட்டு நானே தேய்க்கறேன் சார். டெய்லி."

கோப்பை மாமாவுக்கு. அவருடைய மற்ற காசெல்லாம் பத்தரை மாற்று அழுக்கு.

கழுவின ரூபாயை அவர் விற்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைசிவரை அலைந்தார். கேட்டவர்களிடம், "என் சிநேகிதன் குளிப்பாட்டினது" என்பார்.

கோப்பை இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறது. அதில் மாமா பேர் மட்டும் வெட்டியிருக்கிறது. இது நியாயமா? நான் முக்கி எடுத்திராவிட்டால் கழுவின காசு எப்படி முழிக்கும் என்று அன்றைக்கு எவனுக்குத் தெரியும்? பாதிக் கோப்பை என்னுடையது. அவர் பேருக்குக் கீழே என் பேரையும் வெட்டியே ஆக வேண்டும்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். கோப்பை கறுத்து, மயில் கழுத்து நிறத்தில் நிற்கிறது. கை துறுதுறுத்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பேரை வெட்டுகிறவன் துலக்காமல் வெட்டட்டும்.