பாவ்லி ஆத்தாவுக்கு ஒரு பொங்கல்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மதுரையில இருந்து வந்திருந்த மதினிக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அக்காவுக்கு, பழைய டெல்லியைச் சுத்திக் காட்டணும்.

குதுப்மினார், மலை மந்திர் எல்லாம் பார்த்தாச்சு. "யாரும் பார்க்காத இடமாக் காட்டுத்தா"ன்னுட்டாங்க. அந்த வாரம் பேப்பர்ல ஒரு விளம்பரம். ஒரு கைடு சந்து சந்தா நடத்திக் கூட்டிட்டுப் போய், மறைஞ்சு கிடக்குற சரித்திரத்தையெல்லாம் சொல்வாராம். இந்தியில.

"உனக்குத்தான் இந்தி தண்ணி பட்ட பாடாச்சே! தமிழ்ல எனக்குச் சொல்லிரு."

ஃபோன்ல பேசுறப்பெல்லாம் அப்படித்தான் அளந்து விட்டிருந்தேன். நிஜத்துல எனக்குத் தெரிஞ்சது ஆர்.கே.புரத்துல காய்கறி வாங்குற இந்தி. வெண்டைக்காயைத் தாண்டினா நாக்கு ஒட்டிக்கும். ஆனா அது மதினிக்குத் தெரிஞ்சா மதுரைக்கே தெரிஞ்ச மாதிரி. மானம் போயிரும்!

சாந்தினி சௌக்ல கிளம்பினோம். கைடு மூச்சு விடாமப் பேசினார். நானும் "இது பழைய வீடு மதினி", "இது ரொம்பப் பழைய வீடு மதினி"ன்னு சமாளிச்சுட்டே வந்தேன்.

ஞாயித்துக்கிழமை. பூட்டிக் கிடந்த ஒரு கடை முன்னாடி கைடு நின்னார். தரையைக் காட்டி, "யஹான் ஏக் பாவ்லி தீ"ன்னார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கல. தெரிஞ்ச வார்த்தை! நான் பேரம் பேசுறப்பெல்லாம் எங்க காய்கறிக்காரர் "பாவ்லி ஹை க்யா?"ன்னு என்னைத்தான் கேட்பார். பாவ்லின்னா பைத்தியக்காரி.

"மதினி, இங்க ஒரு புத்தி சரியில்லாத பொண்ணு இருந்தாளாம்."

"ஐயோ பாவம்! அப்புறம்?"

கைடு கொட்டினதுல என் கையில சிக்கினது நாலு வார்த்தை. பானி, தண்ணி. லோக், ஜனங்க. மிட்டி, மண்ணு. பந்த், மூடுறது.

"ஊருக்கே தண்ணி குடுப்பாளாம் மதினி. கடைசில மண்ணைப் போட்டு மூடிட்டாங்களாம்!"

"உசுரோடயா?"

கைடுகிட்ட, "ஜிந்தா?"ன்னு கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டு, "ஹான் ஜி, பில்குல் ஜிந்தா தீ"ன்னார். "ஆமாவாம் மதினி, முழு உசுரோடதானாம்!"

அவ்வளவுதான். மதினி செருப்பைக் கழட்டினாங்க. தலையில இருந்த மல்லிகையை எடுத்து ஷட்டர் முன்னாடி வச்சாங்க. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

"ஆத்தா! நீ தெய்வமாத்தான் நிக்கிறே. எம் மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைச்சுக் குடு. குடும்பத்தோட வந்து உனக்குப் பொங்கல் வைக்கிறேன்!"

கூட வந்த பஞ்சாபி அம்மா எதுக்கும் இருக்கட்டும்னு முக்காட்டைப் போட்டுக் கும்பிட்டாங்க.

கைடு மதினியைப் பார்த்துக் கை கூப்பினார். ஒரு பாவ்லிக்காக இப்படி அழுதவங்களை அவர் பார்த்ததே இல்லையாம். பையில இருந்து ஒரு ஃபோட்டோவை எடுத்து என்கிட்ட நீட்டி, "பாவ்லி"ன்னார்.

பார்த்தேன். படி படியா இறங்குது. அடியில தண்ணி.

கிணறு! படிக்கட்டு வச்ச கிணறு! அதுக்கும் இந்தியில அதே பேரு! உசுரோட இருந்தது அதோட ஊத்து!

"படத்துல என்னத்தா?"ன்னு மதினி எட்டிப் பார்த்தாங்க.

"அந்தப் பொண்ணு தண்ணி எடுத்துக் குடுத்த கிணறு மதினி."

வேற என்ன சொல்ல?

போன வாரம் மதுரையில இருந்து ஃபோன். மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சாம். சம்பந்தி வீடும் சேர்ந்து பானையோட கிளம்புறாங்களாம். "அந்தக் கடைக்காரர்கிட்ட இந்தியில ஒரு வார்த்தை சொல்லி வச்சிருத்தா!"

காய்கறிக்காரர்கிட்ட ஓடினேன். "அண்ணே, ஒருத்தர் கடை வாசல்ல அடுப்பு மூட்டிக் கிணத்துக்குப் பொங்கல் வைக்கணும். இதை இந்தியில எப்படிக் கேக்குறது?"ன்னு, வாயில பாதி, கையில பாதியாக் கேட்டேன்.

அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்து, எப்பவும் சொல்ற அந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னார்.

இந்தத் தடவை அர்த்தம் சரியாப் புரிஞ்சுது.