காக்காய் வராத மாடி

சூரியனுக்குத் தினமும் முகம் துடைத்துவிடுகிற பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பிறந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். திருத்துறைப்பூண்டியில் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரர் அவர். தெரு அவருக்கு வைத்த பெயர் ‘பளிச்’ அண்ணன்.

மொட்டை மாடியில் சோலார் தகடுகளை மாட்டிய நாளிலிருந்து, விடிந்ததும் துணியும் கையுமாக ஏறிவிடுவார். போர் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை படியுமாம். அதனால் தகடுகளுக்குக் கேன் தண்ணீர். நாங்கள் குடித்தது போர் தண்ணீர். அறுவடை மெஷின் ஓடினால் தூசி பறக்கிறதென்று வயல்காரரிடமே போய், "காத்து அந்தப் பக்கம் திரும்புனப்புறம் அறுங்களேன்" என்று கேட்டார். கூட நின்ற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

காக்காய் என்றால் தீராத பகை. எச்சம் போடுமே. தகர டப்பா தட்டினார், பட்டாசு கொளுத்தினார். கடைசியில் காக்காய்கள் எங்கள் தெருவையே கைகழுவிவிட்டன. அமாவாசைக்குச் சோறு வைக்கும் பெண்கள் தட்டோடு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். என்னைப் பார்த்தால், "எல்லாம் ஒங்க வீட்டுக்காரரு புண்ணியம்" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

அண்ணனின் அப்பா விவசாயி. நிலத்தைத் தோண்டி எரிவாயு எடுக்க வந்தவர்களை எதிர்த்து ரோட்டில் படுத்தவர். அந்தச் சமயம் பார்த்தா மகன் சோலார் தகடு மாட்ட லாரியில் இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கவேண்டும்? "வயல்ல வந்து எறக்குனதும் இந்த மாதிரி கம்பிதான். நீயும் அவனுங்க ஆளாடா?" என்று கேட்டவர், சாகும்வரை மகனோடு பேசவில்லை. மாடிப்படியில் காலும் வைக்கவில்லை.

அவருடைய தலைத் திவசம் வந்தது. படையல் முடிந்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு அண்ணன் "கா... கா..." என்று கூப்பிட்டார். செத்தவர் காக்காயாக வந்து சோற்றைத் தொட்டால்தான் மற்றவர்களுக்குப் பந்தி. காக்காய் எங்கே வரும்? வெயில் ஏறியது. சொந்தக்காரர்களுக்குப் பசி காதை அடைத்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது.

"ஒங்கப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலடா" என்றார் அத்தை.

கீழே யாரோ சிரித்தார்கள். அண்ணன் கூனிக் குறுகிவிட்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "காக்காய வெரட்டுறேன்னு அப்பாவயும் சேத்து வெரட்டிட்டேன் போலருக்கு தம்பி" என்றார். எத்தனையோ நாள் அவரைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

திடீரென்று இலையைத் தூக்கினார். தூசிகூடப் படவிடாத தகட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். சாம்பார் கண்ணாடியில் வழிந்தது. கையைக் கூப்பினார்.

"அப்பா, இது வெயில்ல ஓடுறதுப்பா. மண்ணத் தோண்டாது. வந்து பாருங்க."

வெகுநேரம் கழித்து, அடுத்த தெருத் தென்னையிலிருந்து ஒரே ஒரு காக்காய் வந்தது. ஒரு வாய் எடுத்தது. போகும்போது தகட்டில் எச்சமும் போட்டது. சொந்தக்காரர்கள் பந்திக்கு ஓடினார்கள். பழக்கதோஷத்தில் நான் துணியை எடுத்து நீட்டினேன்.

"வேணாம் தம்பி. அப்பா இப்பத்தான் மாடிக்கு வந்திருக்காரு."

அவர் இறங்கிவந்து சாப்பிட உட்காரும்வரை நானும் என் இலையில் கை வைக்கவில்லை.