சோடாக் கம்பெனியின் மூன்றரை மடங்கு

மல்லேஸ்வரத்து மேடுகளைக் குடை ஒன்றையே துணையாகக் கொண்டு கடந்தவனும், கூட்டலில் கலங்காதவனும், கழித்தலில் கண்கசியாதவனும், கடன் கேட்டு வந்தோர் வயிற்றைக் கலக்குவதில் நிகரற்றவனுமாகிய வங்கி ஆய்வாளன் சேஷகிரியை வணங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு மாசி மாதத்தில் ஆஸ்டின் டவுனில் அவன் புரிந்த பெரும்போரைச் சொல்லப் புகுகிறேன். கேட்போர் அனைவருக்கும் வட்டி குறையட்டும்.

எதிர்நின்றவன் கோலி சோடா வேந்தன் கோவிந்தப்பா. பன்னீர் சோடா, இஞ்சி சோடா, ஆரஞ்சுக் கலர் என்னும் முப்படை உடையவன். ஆனால் அந்தோ, அவனுடைய காஸ் மெஷின் கிழடாகிவிட்டது. பத்துப் புட்டி நிரப்புவதற்குள் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். பங்குனி வெயிலுக்குள் புது மெஷின் வராவிட்டால் எதிர்த்தெருக் கம்பெனி அவன் வாடிக்கையை விழுங்கிவிடும், கடையை மூட வேண்டியதுதான். அதற்காகவே வங்கியில் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தான். வங்கியின் சட்டமோ இரும்புச் சட்டம்: ஏற்கெனவே உள்ள கடன், ஓராண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டலாகாது.

போர் மூண்டது. முதல் அஸ்திரமாக இஞ்சி சோடாவை ஏவினான் கோவிந்தப்பா. மாற்றான் தந்த பானத்தை மறுக்காத மாண்பினனாகிய சேஷகிரி, அதை ஒரே மடக்கில் குடித்து, ஆஸ்டின் டவுன் அதிர ஓர் ஏப்பம் விட்டு, அசையாது பென்சிலைத் தீட்டினான்.

"வருமானம் மூவாயிரம், கடன் ஆறாயிரம். ரெண்டே மடங்கு சார். கம்பெனி ஜோரா கீது" என்று முழங்கினான் கோவிந்தப்பா.

சேஷகிரியின் புருவம் வில்லென வளைந்தது. "சோடா வித்த லாபம் ரெண்டாயிரம்தானே ஆறது. மிச்ச ஆயிரம் எங்கேருந்து வந்தது?"

"சீட்டு எடுத்தேன் சார். கைக்கு வந்துச்சில்ல? வருமானம்தானே அது."

"அதுல இன்னும் எவ்வளவு கட்டணும்?"

"அது ஒரு ஆயிரம் கட்டணும்."

அக்கணமே ஆய்வாளனின் பென்சில் வாளாயிற்று. வருமானம் என்னும் கோட்டைக்குள் மாறுவேடத்தில் புகுந்து, மாலையும் கழுத்துமாக அமர்ந்திருந்த அந்தச் சீட்டுப் பணத்தைத் தலைமுடி பற்றி வெளியே இழுத்து, கடன் என்னும் சிறையிலே தள்ளிப் பூட்டினான். ஏழாயிரத்தை இரண்டாயிரத்தால் வகுத்தான். மூன்றரை மடங்கு. "வங்கி தராது, கோவிந்தப்பா" என்று தீர்ப்புரைத்தான். கோவிந்தப்பா காலிப் புட்டிப் பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். சேஷகிரிக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது, புட்டி கழுவும் தொட்டியருகிலிருந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்தாள் கோவிந்தப்பாவின் மனையாள், தோல்வி என்னும் சொல்லையே கேட்டறியாத எல்லம்மா. அவள் பிரகடனம் பின்வருமாறு:

"எதுக்கு இப்டி குந்திக்கினு கீறே? நாமளே சீட்டு புடிப்போம். நாப்பது பேரு, ஆளுக்கு இருவத்தஞ்சு. புடிக்கிறவங்களுக்கு மொத மாசம் ஏலத் தள்ளு கிடையாது, முழு ஆயிரமும் நம்ம கைக்குத்தான். நாளைக்கே மெஷின் வாங்கிக்கலாம்."

கோவிந்தப்பாவின் முகம் மலர்ந்தது. சேஷகிரியின் மனக்கணக்கோ அலறியது: ஏழும் ஒன்றும் எட்டு, எட்டாயிரம் என்றால் நான்கு மடங்கு, அழிவு, பேரழிவு. தடுத்தாட்கொள்ளவேண்டி வலக்கரம் உயர்த்தி எழுந்தான், உலகிலுள்ள கடன்கள் யாவற்றையும் ஒரே கோட்டால் அடித்தெறியவல்ல அந்த மாவீரன்.

"சார், உங்க பேரையும் ஒண்ணு போட்டுக்கவா?" என்று கேட்டாள் எல்லம்மா.

சேஷகிரிக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டியிருந்தது, அதனால் இருபத்தைந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனான்.