மாமனாரின் பித்தளைக் கூடுகள்

கூடு தேய்க்கும் மெஷினின் மூடியைத் திறந்த வெண்டல், திறந்த வேகத்தில் மூடிவிட்டு மறுபடி திறந்தான்.

ஆறு மணி நேரம் அதில் உருண்ட, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தங்கமாக மின்னும் என்று நினைத்திருந்தான். முதுகெல்லாம் தங்கம்தான். ஆனால் கழுத்திலும் உள்ளேயும் அடித்துளையிலும் சிவப்பாக ஒரு சாந்து அப்பியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான். விரல் சிவந்தது, கூடு அப்படியே இருந்தது.

தப்பு அவனுடையதுதான். மெஷினுக்குள் இருக்கும் வால்நட் ஓட்டுத் தூளில் ஒரு மூடி சிவப்புப் பாலிஷ் ஊற்றி, அது கலக்கும்வரை மெஷினைச் சும்மா ஓடவிட்டு, அப்புறம்தான் கூடுகளைப் போட வேண்டும். வெண்டல் மூன்று மூடி ஊற்றி, கூடுகளையும் கையோடு கொட்டிவிட்டான். மாமனார் காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்ற நல்லெண்ணம்.

மாமனார் ஆர்விட் ஸ்கார் சாமானியப்பட்டவர் இல்லை. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் பிட்டர்ரூட் மலைமேல் எல்க் மான் வேட்டைக்குக் கூடாரம் போடுவார். பெரிய மருமகன், நடு மருமகன், மச்சான்கள், சர்ச் பாதிரியார் என்று ஊரே போகும். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் வெண்டலை மட்டும் கூப்பிட்டதில்லை. நகரத்திலிருந்து வந்தவன், பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. அதைச் சொல்லும்போதெல்லாம் ஆர்விட் ஒரு மாதிரி இருமுவார். வேட்டைக்கென்று வாங்கிய ஆரஞ்சுக் கோட்டு நாலு வருஷமாக அலமாரியில் தொங்குகிறது. அதில் கடைச் சீட்டைக்கூட வெண்டல் இன்னும் கிழிக்கவில்லை.

போன ஞாயிறு ஆர்விட் ஒரு காபி டப்பாவை அவன் கையில் கொடுத்தார். உள்ளே புகையேறிக் கறுத்த ஐம்பது கூடுகள்.

"பழைய ரகம், மாப்ளே. இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவா. சனிக்கிழமை மலைக்குக் கிளம்பறோம். இதைப் பாத்துட்டு உன் விஷயத்தைச் சொல்றேன்."

அன்றிரவு வெண்டலுக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது புதன்கிழமை மத்தியானம். கையில் ஐம்பது சிவப்புக் கழுத்துகள்.

முதலில் சமையலறைத் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டு அலசினான். மேலே இருந்த சாந்து கரைந்து கூட்டுக்குள்ளே இறங்கிக் கெட்டியானது. தொட்டியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

மனைவி மார்லிஸ் வந்து எட்டிப் பார்த்தாள். "யாரைக் கொன்ன?"

"உங்கப்பா டப்பா."

"அதுல ஈயம் இருக்கும். கீரை கழுவற தொட்டியில போட்டுக் குழப்பறியே, உனக்கு அறிவிருக்கா?"

மெஷினை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு கோர்டியிடம் ஓடினான். சுட்ட கூட்டைக் கழுவி மறுபடி வெடிமருந்து நிரப்புவதில் கோர்டி பழம் தின்று கொட்டை போட்டவன்.

"வினிகர், கொஞ்சம் உப்பு, வெந்நீர். பத்து நிமிஷம் ஊறட்டும்," என்றான் கோர்டி. "பத்துன்னா பத்துதான்."

வெண்டல் வாளியில் ஊறப்போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழாவது நிமிஷம் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஒரு கிழவரின் பல்செட் காணாமல் போய்விட்டதாம், கடைசியாகப் பார்த்தது வெண்டல்தானாம். பல்செட் கிழவரின் சட்டைப் பையிலேயே கிடைத்து அவன் போனை வைக்கும்போது ஒண்ணேகால் மணி நேரம் ஓடியிருந்தது.

சிவப்பு போகவில்லை. பித்தளை நிறம்தான் போய்விட்டது. கூடு முழுக்க இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மார்லிஸ். "அப்பாவுக்கு ரோஸ் கலர் பிடிக்காது, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, கூடுகளை ஒரு வலைப்பையில் கட்டிப் பாத்திரம் கழுவும் மெஷினில் வைத்து பட்டனை அமுக்கினான். கால் மணி நேரம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு உள்ளே யாரோ கல் உடைக்கிற சத்தம். வலைப்பை அவிழ்ந்துவிட்டது. சத்தம் நின்றது. மெஷினும் நின்றது.

மார்லிஸ் திரும்பி வந்தபோது மெஷின் தரையில் எட்டுத் துண்டாகக் கிடந்தது. வெண்டல் குப்புறப் படுத்துத் தண்ணீர்க் குழாய்க்குள் கையை விட்டிருந்தான்.

"நாப்பத்தொம்பதுதான் இருக்கு," என்றான் அழுகிற குரலில்.

"என் தட்டெல்லாம்?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. கொஞ்சம் சிவந்திருக்கு."

அவள் கடைப் பையைக் கீழே வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தாள். நாலு வருஷமாக அந்தக் கோட்டு தொங்குகிற அலமாரியைத் திறந்து மூடுகிறவள் அவள்தானே. ஐம்பதாவது கூடு சாயந்திரம் கிடைத்தது.

"மத்த மாப்பிள்ளைங்களை அப்பா இப்படியெல்லாம் வாட்டினாரான்னு தெரியல," என்றாள். "விட்டுடேன். போய், முடியலன்னு சொல்லிடு."

"சாகற வரைக்கும் இருமிக்கிட்டே இருப்பாரு."

வெள்ளிக்கிழமை வெண்டல் லீவு போட்டான். தன் பழைய கருவிப் பையைத் திறந்தான். பல்லில் காரை சுரண்டும் கொக்கி, சின்ன பிரஷ், புதினா வாசனையுள்ள பல் பாலிஷ். விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு முதல் கூட்டைக் கையில் எடுத்தான்.

"வாயை நல்லாத் திறங்க," என்றான் பழக்க தோஷத்தில்.

அடித்துளையில் சுரண்டினான், கழுத்துக்குள் சுழற்றினான், வாய் ஓரத்தைத் துடைத்தான். சிவப்பு பெயர்ந்து வந்தது. ரோஸும் வந்தது. கால் மணி நேரத்தில் கூடு பழையபடி பித்தளையாக நின்றது. ஒன்றுக்குக் கால் மணி என்றால் ஐம்பதுக்குப் பாதி ராத்திரியாகிவிடும் என்று மார்லிஸும் ஒரு பிரஷை எடுத்தாள். கோர்டி வேடிக்கை பார்க்க வந்தவன். அவன் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்தார்கள். சாயங்காலம் ஐம்பதும் மேஜைமேல் வரிசையாக நின்றபோது கோர்டி தொப்பியைக் கழற்றினான்.

"என் ஜென்மத்துல இப்படி ஒரு பித்தளையைப் பாத்ததில்லை," என்றான்.

ஆறரை மணிக்கு மாமனார் வீடு. ஆர்விட் ஒரு கூட்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். மோந்து பார்த்து, புதினா வாசனைக்குக் கொஞ்சம் முகம் சுளித்தார்.

"கறை போகலியா முதல்ல?"

"மூணு நாளா போகல, மாமா."

"விட்டுடலாம்னு தோணலையா?"

"தோணிச்சு. விடல."

"கை கடுக்கல?"

"பழகின கை, மாமா."

ஆர்விட் மெதுவாகத் தலையாட்டினார். அந்த மனுஷர் தன்னிடம் தலையாட்டி வெண்டல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "காலையில நாலு மணிக்கு இங்க இரு. ஆறு நாள் தங்கற மாதிரி வா. மேல தண்ணி ஐஸா இருக்கும், நல்ல கையுறையா எடுத்துக்க."

வெண்டல் மாமனாரைக் கட்டிப்பிடித்தே விட்டான். ஆர்விட் இருமவில்லை. முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வண்டியில் சாமான் ஏற்றப் போனார்.

வெண்டல் சமையலறைக்கு ஓடினான். மாமியார் வெர்னா அங்கே ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, என்னையும் சேத்துக்கிட்டாரு. என் துப்பாக்கிக்கு இன்னிக்கே எண்ணெய் போடணும்."

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். பெரிய ரொட்டியாக ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"துப்பாக்கி எதுக்கு வெண்டல்? அந்தக் கூட்டுக்கான துப்பாக்கியையே அவரு வித்து ஒம்பது வருஷம் ஆச்சு. மலைமேல பதினாலு பேரு தின்ன சட்டியைத் தேய்க்க எந்த மாப்பிள்ளை தேறுவான்னு பாக்கத்தான் அந்த டப்பாவைக் கொடுத்தனுப்பறாரு, பெரியவனும் நடுவுலவனும் சாமர்த்தியமா ஃபெயிலாயிட்டாங்க."