உப்புப் போட்ட கடல்பாசி

வாத்துக்குச் சளி பிடித்தால் தானும் தும்முகிற மனிதர் இந்தத் தூத்துக்குடியிலேயே ஒருவர்தான். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கால்நடை ஆய்வுக்கூடத்தின் அதிகாரி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் 'வாத்து சார்'. சைக்கிளில் போகையில் வாத்துக்கூட்டம் எதிரே வந்தால் இறங்கி நின்று வழிவிடுவார். கலெக்டர் ஜீப்புக்கு விடமாட்டார்.

எழுபதுகளில், வாத்துக் கொள்ளைநோயைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தார். கடல்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் உறையவைத்துக் குழிகள் போடவேண்டும். ஒரு குழியில் செத்த வாத்தின் ஈரல் சாறு, எதிர்க்குழியில் அந்த நோய்க்கு எதிரான சீரம். வைரஸ் இருந்தால் நடுவே வெள்ளைக் கோடு விழும்.

அந்த நேரம் பார்த்து, வாத்து மேய்க்கிற செல்லத்தாயின் மந்தையில் பொத்துப்பொத்தென்று சாவு. கோடு விழுந்தால் மிச்ச வாத்துகளையும் கொன்று புதைக்க உத்தரவு. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆய்வுக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சென்னையிலிருந்து வரவேண்டிய பாசித்தூளோ வரவில்லை. சார் அசரவில்லை. பின்வீட்டு ரஹ்மத் லாத்தா, தெருவுக்கே அக்கா, காயல்பட்டினத்துக்காரர். நோன்பு திறக்கச் செய்கிற கடல்பாசி இனிப்பில் கைதேர்ந்தவர். அவரிடம் சொல்லியனுப்பினார். வந்து சேர்ந்தது: ரோஸ் நிறத்தில், தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே முந்திரி.

"லாத்தா, இதுல கோடு எங்கன தெரியும்? முந்திரிதான் தெரியுது!"

"வெறும் பாசியக் குடுத்தா என்னைய என்ன நினைப்பிய?"

"சீனி வேண்டாம். உப்புப் போடுங்க. நிறைய. அப்பத்தான் கோடு நல்லா விழும்."

"உப்பா! எம் மாமியா காதுல விழுந்தா நான் இந்தத் தெருவுல இருக்க முடியாது!"

முதல் தட்டை நானும் சாரும் தின்று தீர்த்தோம். இரண்டாவதை லாத்தா கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சினார்.

மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தோம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, நோய் உறுதியான ஈரலின் பக்கம் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. செல்லத்தாயின் வாத்துப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"ஏலே, ஒன் மூக்குக்கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு."

"மூணுவாட்டி தொடச்சாச்சு சார்."

அவ்வளவுதான். செருப்புக்கூடப் போடாமல் தட்டும் கையுமாக வாசலுக்கு ஓடினார்.

"ஏளா செல்லத்தாயி, கொள்ளைநோய் இல்ல! வாத்த எங்கன மேய்ச்ச?"

"உப்பளத்து ஓரமா சார்."

"அந்தத் தண்ணியக் குடிச்சா நீயுந்தான் விழுவ! போ, நல்ல தண்ணி காட்டு!"

அவள் அழுதாள். "இப்ப எதுக்கு அழுத?" என்று அதட்டினார் சார், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு எத்தனையோ பளபளப்பான ஆய்வுக்கூடங்களைப் பார்த்துவிட்டேன். முடிவைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடுகிற ஒருவரை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.